வயிற்றில் கட்டிய கண்ணாடி

நர்ஸ் குழந்தையைக் குளிப்பாட்டக் கவிழ்த்தபோதுதான் கனாயே அதைப் பார்த்தாள். வலது தோளில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறை.

பிட்டத்தில் என்றால் சிரித்திருப்பாள். ஜப்பானில், இந்த ஹகோதாதேயில், பிறக்கும் பிள்ளைக்கு நீலப் பிட்டம் யாருக்குப் புதிது? தோளில் அல்லவா இருக்கிறது.



பிள்ளையைப் பெற்ற மிஹோ ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு சாவு. போகாமல் இருக்க முடியாத சாவு. கர்ப்பிணி பிணத்தைப் பார்த்தால் பிள்ளைக்குக் கறை விழும் என்பார்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப் பட்டைக்குள் ஒரு கண்ணாடியை வெளிப்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டால் சாவு வந்த வழியே திரும்பிவிடும்.

நாத்தனார் கனாயேதான் தன் கைக்கண்ணாடியை வைத்துக் கட்டிவிட்டாள். அழுதுகொண்டே கட்டினாள். அந்த அழுகையில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாளோ?

"மூக்குல வெள்ளைப் பொரி, பிடரியில சிவப்பு, தோள்ல நீலம்," என்றாள் நர்ஸ். "எல்லாம் பிள்ளைங்களுக்கு வர்றதுதாம்மா. வலியும் இல்ல, வியாதியும் இல்ல. சாயம் பூசினவனுக்குக் கை நழுவிடுச்சு, அவ்வளவுதான்."

"நீலம் போயிடுமா?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் மிஹோ.

"பள்ளிக்கூடம் சேக்கறதுக்குள்ள மங்கிடும்."

மிஹோவின் முகம் வாடியது. ஏனென்று கனாயேவுக்குப் புரியவில்லை.

குழந்தையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நர்ஸ் போனாள். அதற்கு மேல் கனாயேவால் அடக்க முடியவில்லை.

"அவ ஆயிரம் சொல்லட்டும். நான்தான் கண்ணாடியை மாத்தி வச்சுட்டேன் போல. திட்டணும்னா திட்டிடு மிஹோ."

"நீங்க சரியாத்தான் வச்சீங்க, அண்ணி." மிஹோ குழந்தையின் சட்டையைத் தோள்வரை விலக்கினாள். "சவப்பெட்டிகிட்ட போனதும் நான்தான் கண்ணாடியை உருவிட்டேன்."

"அடிப்பாவி, ஏன்டி?"

"உங்க தம்பி பிள்ளை முகத்தைப் பாக்காமலே போறாரேன்னுதான். பிள்ளையாவது அப்பாவை ஒரு தடவை பாக்கட்டுமே."

படகுக்குக் கிளம்பும்போதெல்லாம் தம்பி கனாயேவின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவான். வலிக்கும். எருமை என்று திட்டுவாள்.

கறையின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். எடுக்க மனம் வரவில்லை.

"நீ நல்லா இருக்கணும்டி, புண்ணியவதி," என்றாள்.