சிப்பிக்குள் ஒரு நூலிழை

இந்தத் தீவுச் சிப்பிகளில் சேரும் மாசை முப்பது வருஷம் கண்காணிக்கும் திட்டத்தை வகுத்தவள் நான்தான். வெளியாள் யாரும் கரையிறங்கக் கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே போனால் திரும்பக் கூடாது என்ற விதியும் நான் எழுதியதே. ஒருத்தர் நடந்துபோனாலே சோப்பும் பவுடரும் துணித்தூசியும் தண்ணீரில் கலந்துவிடும். காவலுக்கு ஆள் கிடைக்காமல் நானே வந்து உட்கார்ந்தேன். பதினோரு வருஷம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அமலி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு படகில் வந்தாள். சிப்பிகள் தொங்கும் எல்லை மிதவைக் கயிற்றுக்கு அப்பால் எழுந்து நின்று முந்தானையை விரித்துக் காட்டினாள்.

"அம்மா, அஞ்சு நிமிஷம் கரைக்கு வரட்டா?"

"வேண்டாம்மா, அங்கனயே நில்லு."

"கலர் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்று கத்தினேன். வெயில் கூசியதில் எனக்கு நிறமே தெரியவில்லை. கயிற்றருகே தண்ணீரில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே அவள் திரும்பிப் போனாள்.

இன்று அந்தக் கயிற்றில் தொங்கிய சிப்பிகளைப் பிளந்து பார்த்தேன். ஒன்றுக்குள் மெல்லிய நூலிழை கிடந்தது. விதிப்படி சிப்பியையும் நூலையும் எரித்துவிட வேண்டும். சிப்பியை எரித்தேன்.

பிறகு அமலிக்குப் போன் போட்டேன்.

"கத்தரிப்பூ கலர் உனக்கு ரொம்ப எடுப்பா இருக்கும்மா."

"அவ்வளவு தூரத்துல இருந்து தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது" என்றேன்.