பெயிண்ட் காயும் வரை

அமெரிக்காவின் தெற்கே, நாச்செஸ் நகரின் பழைய மாளிகை ஒன்றைச் சொகுசு விடுதியாக்கியிருந்த லீயான், காரிலிருந்து இறங்கிய விருந்தாளியிடம் கெஞ்சினாள்.

"மன்னிச்சுக்கங்க, மிஸஸ் டாலிவர். முன்படிக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு. நாளைக்கு வீட்டைப் பார்க்க ஊரே வருது. பின்பக்கம் சமையலறை வழியா வந்துடுங்களேன்."

"முடியாதும்மா. காயட்டும், இருக்கேன்."

"சாயங்காலம் ஆயிடும்! வெயில் கொளுத்துது."

"நான் பார்க்காத வெயிலா?"

எர்லின் டாலிவர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இருப்பதிலேயே பெரிய அறையை எடுத்திருப்பவர். பணக்காரக் கிழவிகளின் பிடிவாதமே இப்படித்தான் என்று லீயான் பல்லைக் கடித்தாள். ஆனாலும் ஐஸ் டீயோடு போனாள்.

"சமையலறையைப் புதுசா மாத்தியிருக்கோம். வந்துதான் பாருங்களேன்."

"அந்தக் கதவு எனக்குத் தெரியும்மா. பதினாறு வயசுல இங்க சமைக்க வந்தேன். கறுப்பு ஆளுங்க முன்வாசல்ல கால் வைக்கக் கூடாது. வேலையை விட்டுப் போன அன்னிக்கும் அந்த வழியாத்தான் போனேன்."

லீயான் டம்ளரைக் கீழே வைத்தாள். படியை மறித்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"வாங்க, மிஸஸ் டாலிவர்."

"படி பாழாயிடும், பொண்ணே."

"ஆகட்டும்."

மறுநாள் வீடு பார்க்க வந்த கூட்டம் படியருகே நின்றுவிட்டது.

"அடடா, ஈரப் பெயிண்டை யாருங்க இப்படி மிதிச்சது?"

முன்வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்த எர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான்."