மூன்றாவது டங்

டங்.

ஒன்றரை வருடம் ஆகியும் அந்தச் சத்தம் வாத்தியாரின் காதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தால்கூட அவர் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

ஹவுஸ் ஓனரின் இரும்பு கேட்டில் அவருடைய பழைய கார் இரண்டாம் தடவையாக முட்டிய சத்தம் அது. ஷெட்டிலிருந்து கேட் வரை ஒரே சரிவு. நிற்கலாமா என்று கார் யோசிப்பதற்குள் கேட் வந்துவிடும்.

அன்று மாடியிலிருந்து இறங்கி வந்த ஓனர், சாய்ந்து நின்ற கேட்டைத் தடவிக் கொடுத்தார்.

"வாத்தியாரே, நான் ஆள் பார்த்துப் பேசறவன் இல்லை. இனிமே இந்த கேட்ல யார் கார் பட்டாலும் சரி, அவங்க வீட்டைக் காலி பண்ணிடணும்."

பத்து வருடம் குடியிருந்த வீடு. பள்ளிக்கூடம் பக்கம். மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடை அடுத்த தெரு. இப்படி இன்னொன்று அமைவது குதிரைக்கொம்பு.

அன்றிலிருந்து வாத்தியார் காரைத் தெருவிலேயே நிறுத்திவந்தார். வெயிலில் சாயம் போய்க் கார் அழ ஆரம்பித்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரேக்கைப் பலப்படுத்தப் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் தடித்த பிரேக் பேடும் ஒரு பெட்டியில் வந்து இறங்கின. காரை நாலு பேர் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டார்கள்.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடலாமே" என்றாள் மனைவி.

"இருபத்திரண்டு வருஷமா பாஸ்கல் விதி நடத்தறேன். பிரேக்கே அந்த விதியிலதான் ஓடுது. எனக்கு ஒருத்தன் வந்து சொல்லித்தரணுமா?"

"விதி யாரை விட்டது" என்றாள் அவள்.

வாத்தியார் பெட்டியைப் பிரித்த வேகத்தில் தெர்மோகோல், அட்டை, பிளாஸ்டிக் உறை, காகிதம் எல்லாம் எட்டுத் திசைக்கும் பறந்தன.

"ஆறு நாள் கடையில கால்கடுக்க நிக்கறேன். ஏழாம் நாள் உங்க குப்பை." முணுமுணுத்துக்கொண்டே அள்ளிப் போனாள்.

ஜாக்கி ஏறியது. சக்கரம் இறங்கியது. போல்ட் மட்டும் அசையவில்லை. வாத்தியார் ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்தார். செருப்பு வார் அறுந்தது.

மாடியில் டீயோடு நின்ற ஓனர் குரல் கொடுத்தார். "வாத்தியாரே, அவசரமில்லை. சக்கரம் எங்கேயும் ஓடிடாது. ஓடினா கேட் பிடிச்சுக்கும்."

தடித்த பேடுக்கு இடம் விட, பேடை அழுத்தும் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளினார். பிஸ்டன் கூட்டின் மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்தார். பாதி பெயிண்ட் முழங்காலுக்குப் போனது. நாலு மணிக்கு வேலை முடிந்தது.

"எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"உனக்கு மாத்திரை எண்ணத்தான் தெரியும். இதெல்லாம் புரியாது."

மாடியில் சிரித்த ஓனருக்கு டீ புரையேறியது.

அவள் டிரைவர் சீட்டில் ஏறி, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு, பிரேக் பெடலை மிதிக்க ஆரம்பித்தாள்.

பொத். பொத். பொத்.

"ஏய், கோபத்தை என் மேல காட்டு. புது பிரேக் உன்னை என்ன பண்ணிச்சு?"

பொத். பொத்.

"குறுக்கே போகாதீங்க வாத்தியாரே" என்றார் ஓனர். "அவங்க மிதிக்கறது பிரேக்கை இல்லை. உங்களை."

பத்துப் பன்னிரண்டு மிதி. பொத் பொத் என்றது தக் தக் என்று கெட்டியானதும் அவள் இறங்கி, முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வழியாகக் கோபம் தீர்ந்தது என்று வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

பிறகு காரைக் கிளப்பினார். சரிவில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் கார் அறைந்தாற்போல் நின்றது.

வாத்தியார் இறங்கி அந்த ஒரு சாணைக் கையால் அளந்தார். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவையும் அளந்தார்.

ஓனரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "வாத்தியாரே, எனக்கும் அதே செட் வாங்கிக் குடுங்களேன்."

அடுத்த ஞாயிறு ஓனரின் கார். வாத்தியார் பாஸ்கலிலிருந்து பாடம் தொடங்கினார், ஓனர் ஸ்பானரைப் பிடித்தார். அதே டிஸ்க், அதே பேடு, அதே கிளாம்ப், அதே சிவப்பு. எல்லாம் முடித்து ஓனர் சரிவில் காரை விட்டு, கம்பீரமாக பிரேக்கை மிதித்தார். பெடல் சேற்றில் கால் போவது போலத் தரை வரைக்கும் போனது.

டங்.

இந்தத் தடவை கேட் சாயவில்லை. தெருவில் போய்ப் படுத்துக்கொண்டது.

மாடியிலிருந்து ஓனரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "யார் கார் பட்டாலும் காலி பண்ணணும்னீங்களே. சாமானைக் கட்டட்டுமா?"

ஓனர் காரிலிருந்து தள்ளாடி இறங்கினார். "வாத்தியாரே, உங்களை மாதிரியேதானே செஞ்சேன். என்ன விட்டுப்போச்சு?"

வாத்தியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான். உங்க வீட்ல யாரும் கோபப்படலை."

அந்த ஞாயிறு மட்டும் கடையில் மாற்று டூட்டி பார்த்துவிட்டு, விழுந்த கேட்டைத் தாண்டி உள்ளே வந்த வாத்தியார் மனைவியின் காதில் அது விழுந்தது. அவள் கைப்பையைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு பொடியெழுத்துக் காகிதத்தை எடுத்து ஓனரிடம் நீட்டினாள்.

"போன ஞாயிறு எங்க பிரேக் பெட்டியில இருந்தது. மருந்தோட வர்ற காகிதத்தையெல்லாம் எங்க கடையில நான்தான் படிக்கணும். பழக்க தோஷம்."

ஓனர் உரக்கப் படித்தார். "வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்கவும். இல்லையேல் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காது."

வாத்தியார் மனைவியின் பின்னாலேயே உள்ளே போனார். "அப்போ அன்னிக்கு நீ கோபமா மிதிக்கலையா?"

"மேலே ஒருத்தர் நின்னு சிரிச்சிட்டிருந்தார். அவர் முன்னாடி உங்களுக்கு நான் பாடம் நடத்தறதா? கோபக்காரின்னே பேர் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வாத்தியார் இப்போது தலைவலி மாத்திரை போடுவதென்றாலும், கூட வரும் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் போடுகிறார். படித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் தலைவலி போய்விடுகிறது.