சாதாரண அனுமதி

வெளிநாட்டுப் பண்ணை வேலைக்கு ஆள் அனுப்பும் கந்தப்பளை ஏஜென்ட் கொடுத்த கடிதத்தைத் தர்ஷன், ஹட்டனில் ஆபீஸ் வேலை பார்க்கும் தன் மனைவி வினோதாவிடம் நீட்டினான்.

"விசா கிடைக்கலையாம். இங்கிலீஷ்ல இருக்கு. ஏன்னு வாசிச்சுச் சொல்லு."

அவள் நிதானமாக வாசித்தாள்.

"கம்பனி தன்னோட சொந்தப் பண்ணைக்கு ஆள் எடுக்க மட்டும்தான் சாதாரண அனுமதி வாங்கியிருக்கு. ஒங்கள வேற முதலாளிங்க பண்ணைக்கு அனுப்பப் போறாங்களாம். அதுக்குத் தனி அனுமதி வேணுமாம்."

"அப்ப எம்மேல குத்தம் இல்லியே?"

"இல்லீங்க."

"இனி சரியானத வாங்கிக் கூப்பிட மாட்டாங்களா?"

"வாங்குவாங்க. ஆறேழு மாசம் ஆகும்."

தர்ஷன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏஜென்ட் சொன்ன வயதெல்லை நாற்பத்தைந்து. அடுத்த மாதம் அவனுக்கு நாற்பத்தாறு. பயணத்தை நம்பி ஃபெக்டரி வேலையையும் விட்டுவிட்டான். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

"எந்த வெள்ளைக்காரன் அந்த அனுமதி ஃபாரத்த நிரப்பினானோ" என்றான். "நம்ம கஷ்டம் அவனுக்கு எங்க தெரியப் போகுது?"

வினோதா கம்பனியின் பெயரை மறுபடியும் பார்த்தாள். ஏஜென்ட் இன்றுவரை சொல்லாமல் மறைத்து வைத்திருந்த பெயர். கடிதத்தை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெள்ளைக்காரன் இல்லீங்க. செலவு கொறையும்னு வெளிநாட்டுக் கம்பனிங்க அனுப்புற அனுமதி ஃபாரத்த எல்லாம் ஹட்டன்ல எங்க ஆபீஸ்லதான் நிரப்புறோம்."

தர்ஷன் நிமிர்ந்தான்.

"இந்தக் கம்பனி ஃபாரம் வந்த அன்னைக்கு மட்டும் நாப்பது ஃபாரம் கெடந்துச்சு" என்றாள். "இவங்களுக்குச் சாதாரண அனுமதி போதும்னு நான்தான் போட்டேன்."