ஆடிக்கு ஆடி

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைப் பிரிக்கவே இல்லை. "உங்க வீட்ல எந்த ஊர் குளிர் ஓடுது?" என்றுதான் மாப்பிள்ளையின் அம்மா முதலில் கேட்டாள், சால்வையை இழுத்துப் போர்த்தியபடி.

வேலூர் வெயிலில் தலைகாட்ட முடியாமல் போன பிறகு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஏதோ ஓர் ஊரின் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் முந்திக்கொண்டவர்களுக்குப் போய்விட்டன. நறுமுகையின் அப்பாவுக்குக் கிடைத்தது வடதுருவத்தை ஒட்டி ஆளே இல்லாத ஒரு சின்னத் தீவு. அங்கே மரம் கிடையாது, கல்லும் பாசியும்தான். கோடையில் கொஞ்ச நாள் மூடுபனி, மற்ற நாளெல்லாம் உறைபனி. அந்தக் குளிரிலேயே வளர்ந்த நறுமுகைக்கு வேறு வீட்டுக்குப் போனால் மூச்சு முட்டும்.

"இன்னிக்கு ஒரு நாள் சூட்டைக் கூட்டி வைம்மா" என்று அப்பா காலையில் கெஞ்சினார். பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே பல் தந்தியடிக்க எழுந்து போயிருந்தன.

"அப்புறம் அங்க போய் நான் வெந்து சாகணுமாப்பா?" என்று மறுத்துவிட்டாள்.

"எங்க வீட்ல கொடைக்கானல். பழகிக்க மாட்டியாம்மா?" என்று இப்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"முடியாது அத்தை."

மாப்பிள்ளை கபிலன் கையைத் தேய்த்துக்கொண்டே, "உங்க தீவு எப்பங்க சுமாரா இருக்கும்?" என்றான்.

"ஆடியில. அப்பதான் பனி உருகும்."

"அப்ப ஆடிக்கு ஆடி நான் இங்க வந்துடறேன்."

"ஆடியிலதான்டா புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வைப்பாங்க!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மத்த மாசமெல்லாம் பிரிஞ்சுதானேம்மா இருக்கப் போறோம்."

நறுமுகை யோசித்தாள். வருஷம் முழுக்க ஒன்றாக இருப்பவர்கள் போடும் சத்தம் பக்கத்து வீடுகளிலிருந்து அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.