கறாரான வாடிக்கையாளர்

"கூடுதல் வாரன்டி எடுத்துக்கிட்டா, லேப்டாப் கீழே விழுந்தாலும் சரி பண்ணித் தருவீங்களா?" என்று கறாராகக் கேட்டார் அவர்.

"இல்லைங்க சார். முதல் வருஷத்துக்குக் கம்பெனி வாரன்டியே இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், தானா பழுதானா மட்டும் இது உதவும். விழுந்தாலோ தண்ணி கொட்டினாலோ, அதுக்குத் தனி பாலிசி எடுக்கணும்" என்றாள் விற்பவள். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

"இப்படி உள்ளதைச் சொன்னா யாரும்மா வாங்குவாங்க?"

"மறைச்சு வித்தா, நாளைக்கு என்கிட்டதானே சார் சண்டைக்கு வருவீங்க?"

லேப்டாப்புக்குப் பதிலாக மேஜையில் விரித்து வைத்திருந்த கல்யாண ஆல்பத்தை அவர் மூடினார்.

"ஐம்பது வயசுல முதல் வேலையான்னு இனிமே பயப்படாதே. நாளைக்குக் கடையில இதையே சொல்லு."

மனைவி சிரித்தபடி காப்பி போட எழுந்தாள்.

"நீ உட்காரு" என்று அவரே அடுப்படிக்குப் போனார்.