பச்சை வாசனை

பிள்ளையின் சின்னச் சட்டையை இடுப்பில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள் சுருளியம்மாள். கம்பத்தில் மருந்துக்காகக் கஞ்சாப் பூ உலர்த்தும் அந்தக் கூடத்துக்குள் வீட்டுத் துணி வந்தது தெரிந்தால் மூக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

மூக்கு என்றால் மின்மூக்கு. காலையில் மாட்டிவிட்டு மாலையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு காய்ச்சலில் மோப்பம் போன அவளுக்கு வாசனை என்பதே வேலை நேரத்தில் மட்டும்தான். வீட்டில் மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்று.

கூடத்து வாசனையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவசரமாகக் காயவைத்த பூவில் வைக்கோல் வாடை வீசும். நிழலில் நிதானமாக உலர்த்தி, ஜாடியில் அடைத்து, தினமும் மூடியைத் திறந்து காற்றுக் காட்டினால் வைக்கோல் விலகி எலுமிச்சை எழும்பும். சரியாகக் காயாவிட்டால் பச்சை வாசனை. பூஞ்சை பிடித்துவிடுமே என்று மின்மூக்கே அலறிவிடும்.

ஜாடி வரிசைக்குப் பின்னால் போய்ச் சட்டையை முகத்தில் அப்பிக்கொண்டாள். புளித்த பால்! வசம்பு! அதற்கும் அடியில் பெயர் தெரியாத ஒரு கதகதப்பு! அடடா, என் பிள்ளை இப்படியா மணக்கிறான்?

“பச்சை வாசனை! பச்சை வாசனை!” என்று அலறியது மின்மூக்கு.

சூப்பர்வைசர் ஜக்கையன் பதறி ஓடிவந்தார். “எந்த ஜாடி தாயி?”

சுருளியம்மாள் ஒளிக்க மறந்து சட்டையை உயர்த்திக் காட்டினாள்.

“மெசினு சரியாத்தாண்ணே சொல்லுது. பச்சப்புள்ள! இப்பத்தான் அஞ்சு மாசம்!”